தூதுவருக்கு உள்ள விலக்கு மனச்சாட்சிக்கும் உண்டா?



கட்டுநாயக்காவுக்கு அதிவேகப் பாதை 2013இல் திறக்கப்படும்வரை, விமான நிலையம் போகும் வாகனங்களெல்லாம் நமது நீர்கொழும்பு வீதியால்தான் போயின. ஹெந்தளைச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்கள் அவற்றிடையே வேறுபட்ட சில வாகனங்களைக் கண்டிருப்பீர்கள். பளபளப்பானவை, இலக்கத் தகட்டில் டி. பி. எல். என்ற மூன்று எழுத்துக்களைத் தாங்கியவை. அவை தூதரக வாகனங்கள். அண்மையில் இளைஞர் கூட்டமொன்றில் அவற்றைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒருவன் எழுந்து கேட்டான்: "சுவாமி, அந்த வாகனம் ஒரு மனிசனை அடிச்சுக் கொண்டாலும் பொலிஸ் பிடிக்கேலாதாமே, மெய்யா?" ஏறக்குறைய மெய்தான் என்றேன். அவன் விடவில்லை. "அப்ப, அது பாவமும் இல்லையா?"

முதற் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை சொல்லிவிட்டேன். இரண்டாவதற்கு அன்று சரியாக விடை சொல்ல முடியவில்லை. அதனாற்றான் இதை எழுதுகிறேன்.

அந்த இளைஞனின் மனத்தில் இருந்தது இங்கிலாந்தில் நடந்த ஒரு விபத்து. 2019 ஆகஸ்ட் 27ஆம் திகதி மாலை, நோர்தாம்டன்ஷயரில் குரோட்டன் என்னும் விமானப்படைத் தளத்துக்கு வெளியே, ஹரி டன் என்ற பத்தொன்பது வயது இளைஞர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அமெரிக்கர்கள் பணிபுரியும் அந்தத் தளத்திலிருந்து ஆன் சக்கூலஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி தமது காரில் வெளியே வந்தார். இங்கிலாந்து நம்மைப் போலவே வீதியின் இடப்பக்கம் வாகனம் ஓட்டும் நாடு. அவர் தமது நாட்டுப் பழக்கத்தில் வலப்பக்கம் ஓட்டிவிட்டார். வாகனங்கள் நேருக்கு நேர் மோதின. இளைஞர் இறந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெண்மணி இடத்தைவிட்டு ஓடவில்லை. தாம் பிழையான பக்கத்தில் ஓட்டியதை அங்கேயே ஒப்புக்கொண்டார். வீதியில் நின்ற அந்த வேளையில் ஒரு கிறிஸ்தவன் எதைச் செய்ய வேண்டுமோ அதை அவர் செய்தார் என்றே சொல்ல வேண்டும். சிக்கல் அதன் பின்னர்தான் வந்தது. அவருடைய கணவர் அந்தத் தளத்தில் பணியாற்றியவர். ஆகவே குடும்பத்துக்கு இராஜதந்திர விடுபாட்டுரிமை உண்டென்று அமெரிக்கா கூறியது. உரிமையை விட்டுக்கொடுக்கும்படி பிரித்தானியா கேட்டது, அமெரிக்கா மறுத்தது. சில வாரங்களுக்குள் அவர் நாடு திரும்பிவிட்டார். டிசம்பரில் அவர்மேல் குற்றஞ் சாட்டப்பட்டது. அவரை ஒப்படைக்கும்படி விடுத்த கோரிக்கை 2020 ஜனவரியில் நிராகரிக்கப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தத் தளம் சம்பந்தமாக இரு அரசுகளும் 1995இல் ஓர் உடன்பாடு செய்திருந்தன. தளத்து ஊழியர்கள் தமது கடமைக்குப் புறம்பாகச் செய்யும் குற்றங்களுக்கு விடுபாட்டுரிமை கிடையாது என்பது அதன் சாரம். ஆனால் மனைவி மக்களைப் பற்றி அதில் ஒன்றும் எழுதப்படவில்லை! ஆகவே கணவர் காரை ஓட்டியிருந்தால் வழக்குத் தொடரலாம்; மனைவி ஓட்டினால் தொடர முடியாது. லண்டன் மேல் நீதிமன்றமும் 2020 நவம்பரில் அவருக்கு விடுபாட்டுரிமை இருந்தது என்றே தீர்ப்பளித்தது. அதற்குச் சில மாதங்களின் முன்னரே, 2020 ஜூலையில், இரு அரசுகளும் அந்த ஓட்டையை அடைத்துவிட்டன. ஒரு பிள்ளை செத்த பின்னர்தான் ஓட்டை கண்ணிற் பட்டது.

நிற்க. இந்த விடுபாட்டுரிமை எதற்காக ஏற்பட்டது என்பதை முதலில் நீதியாக நோக்குவோம். தூதுவனைக் கொல்லலாகாது என்பது உலகம் அறிந்த பழைய அறம். நமது இந்த இலங்கையின் அரசவையில் நடந்ததாகவே இராமாயணம் ஒரு காட்சியைக் கூறுகிறது. அனுமனைக் கொல்ல இராவணன் ஆணையிட, தூதனைக் கொல்வது முறையன்று என்று விபீடணன் தடுத்தான். வாலில் தீ வைப்பதற்கு மட்டும் சட்டம் இடங்கொடுத்தது போலும்! வேதாகமத்திலும் தாவீது அரசன் அம்மோனியரிடம் ஆறுதல் சொல்ல அனுப்பிய தூதரைப் பற்றி வாசிக்கிறோம். அவர்களுடைய தாடியைப் பாதி சிரைத்து, உடையை அரைவாசியில் வெட்டி அனுப்பினான் அம்மோனிய மன்னன் ஆனோன். அதனால் மூண்டது பெரும் போர். நம் காலத்திலோ 1979 நவம்பரில் தெகிரான் நகரில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டு, ஐம்பத்திரண்டு பேர் 444 நாட்கள் பணயமாக வைக்கப்பட்டனர். தூதுவருக்குப் பாதுகாப்பில்லாவிட்டால் அரசுகள் ஒன்றோடொன்று பேச முடியாது; பேச்சு நின்ற இடத்தில் பீரங்கி பேசத் தொடங்கும்.

வலிய நாடுகளைக் காட்டிலும் நம் போன்ற சிறு நாடுகளுக்குத்தான் இப்பாதுகாப்பு அவசியம் என்பதையும் மறக்கலாகாது. எங்கோ ஒரு தலைநகரில் இரண்டு அறைகளில் நடக்கும் நமது தூதரகத்து எழுதுவினைஞரை, அந்நாட்டு அரசு பொய் வழக்கில் மாட்டி உள்ளே தள்ளினால், அவரை மீட்க நமக்குக் கப்பற்படை இல்லை. இந்தச் சட்டந்தான் உண்டு. ஆகவே விடுபாட்டுரிமையை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்று கோபத்தில் சிலர் கூறுவதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

ஆனால் இந்தச் சட்டம் என்ன சொல்கிறது? இராஜதந்திர உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கை 1961இல் உருவாயிற்று. நமது நாட்டில் அதற்கு வலுக்கொடுப்பது 1996ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். இந்தச் சலுகைகள் தனியாட்களின் நன்மைக்காக அல்ல, தூதரகத்தின் பணி ஒழுங்காக நடைபெறுவதற்காகவே தரப்படுகின்றன என்று உடன்படிக்கையின் முகவுரையே கூறுகிறது. தூதுவர்கள் தாம் வாழும் நாட்டின் சட்டங்களை மதித்து நடக்கக் கடமைப்பட்டவர்கள் என்று 41ஆம் உறுப்புரை கூறுகிறது. அனுப்பிய நாடு விரும்பினால் விடுபாட்டுரிமையை விலக்கிக்கொள்ளலாம் என்று 32ஆம் உறுப்புரை கூறுகிறது. அனுப்பிய நாட்டின் நீதிமன்றத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டியவரே என்பது 31ஆம் உறுப்புரையில் உண்டு. சுருங்கச் சொன்னால், சட்டம் அவரைக் குற்றமற்றவர் என்று சொல்லவில்லை. இந்த ஊர் நீதவானின் கை அவர்மேல் விழலாகாது என்று மாத்திரமே சொல்கிறது.

இந்த வேறுபாட்டைக் கொழும்பு வாசிகளுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. 1979இல் கறுவாத்தோட்டத்தில் நடந்ததை நம் பெரியவர்கள் சிலர் இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள். அப்போதைய பர்மியத் தூதுவர் தமது மனைவியைச் சுட்டுக் கொன்று, தமது வாசஸ்தலத்தின் புற்றரையிலேயே விறகடுக்கி உடலை எரித்தார். நமது பொலிஸார் வாசலுக்கு வெளியே நிற்க நேர்ந்தது. வெளியே நின்றவர்களின் கை கட்டப்பட்டிருந்தது. ஆனால் உள்ளே நடந்தது கொலையல்லவென்று அவர்களில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

கொலைக்கு விடை எளிது. கடினமானது விபத்து. வேண்டுமென்று செய்யாத ஒரு தவறுக்கு மனச்சாட்சி எவ்வளவு தூரம் கட்டுப்பட்டது? நமது பழைய அறநெறி இறையியல் நூல்களில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. அறிந்து விரும்பிப் பிறனுக்குத் தீங்கு செய்தவன், நீதவான் சொல்லாவிட்டாலும் ஈடு செய்யக் கடமைப்பட்டவன். கவனப்பிசகால், பாவமின்றித் தீங்கு செய்தவனோ, நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பின்னரே ஈடு செய்யக் கடமைப்பட்டவன். அதற்குமுன் மனச்சாட்சியில் அவனுக்குக் கட்டில்லை. குருமடத்தில் இதை வாசித்தபோது மிகத் தெளிவான ஓர் ஒழுங்காகவே எனக்குப் பட்டது. இப்போது யோசிக்கையில் அங்கே ஒரு பள்ளம் தெரிகிறது. தீர்ப்பு வரும்வரை கடனில்லை என்றால், தீர்ப்பே வராதபடி செய்துகொண்டவனின் கதி என்ன? கடனே இல்லாமற் போய்விடுமா?

அந்த நூல்களை எழுதியவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். நீதிமன்றம் ஒன்று உண்டு, அதன் முன் எல்லாரும் நிற்பார்கள் என்பதை அவர்கள் கேளாமலே எடுத்துக்கொண்டார்கள். கவனப்பிசகால் தீங்கு செய்தவனுக்கு நீதிமன்றம் எதிரியன்று, ஒருவகையில் உதவி. தான் பட்ட கடன் எவ்வளவு என்பதை அவனால் அளக்க முடியாது. இறந்தவரின் வீட்டாராலும் அளக்க முடியாது. தாயின் கணக்கில் அது முடிவில்லாத தொகை. மூன்றாம் ஆளாகிய நீதவான்தான் "இவ்வளவு" என்று ஒரு எல்லை கட்டுகிறான். அந்த எல்லை இல்லாவிட்டால் கடன் தீரவும் மாட்டாது, மன்னிக்கப்படவும் மாட்டாது.

இதை எனக்குக் காட்டியது நூலன்று. இப்பகுதி முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர், சில வருடங்களுக்குமுன் மழை நாளொன்றில் வீதியைக் கடந்த ஒரு முதியவரை இடித்துவிட்டார். முதியவர் வைத்தியசாலையில் இறந்தார். சாரதி அடிவிழும் என்று பயந்து ஓடினார். ஆனால் ஓடியது பொலிஸ் நிலையத்துக்கு. வழக்கு இழுபட்ட காலமெல்லாம் அவர் கோயிலுக்குள் வரவில்லை. வாசலோடு நின்றுவிடுவார். தீர்ப்பு வந்து, தண்டம் கட்டி, அனுமதிப்பத்திரத்தையும் சில காலம் இழந்த பின்னர், அந்த முதியவரின் வருட நினைவுத் திருப்பலிக்கு வந்தார். கடைசி வாங்கில் உட்கார்ந்தார். முடிவில் முதியவரின் மகன் போய் அவர் பக்கத்தில் நின்றான். என்ன பேசினார்களோ தெரியாது. "தண்டம் கட்டின பிறகுதான் சுவாமி அந்தச் சனத்தின்ர முகத்தைப் பார்க்கத் துணிஞ்சன்" என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வாஷிங்டனுக்கு வாருங்கள். 2019 ஒக்டோபர் 15ஆம் திகதி ஹரி டன்னின் தாயும் தந்தையும் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி டிரம்பைச் சந்தித்தார்கள். அந்தப் பெண்மணி அடுத்த அறையில் இருக்கிறார், இப்போதே அழைத்து வரலாம் என்று அங்கே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் வேண்டாம் என்றார்கள். சந்திக்கக்கூடாது என்பதல்ல அவர்கள் எண்ணம். தக்க ஏற்பாட்டோடு, தங்கள் நாட்டில், சந்திக்க வேண்டும் என்றார்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், மன்னிப்புக் கேட்க வந்தவரைத் திருப்பி அனுப்பலாமா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. கிறிஸ்தவர்களாகிய நமக்கும் அக்கேள்வி முதலில் எழும். எழுபது தடவை ஏழு முறை மன்னிக்கச் சொன்ன ஆண்டவரின் மக்களல்லவா நாம்! ஆயினும் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிச் சிறு வயதில் படித்ததை நினைத்துப் பாருங்கள். மனஸ்தாபம் வேண்டும், பாவத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். மூன்றும் சேர்ந்தே அந்தத் திருவருட்சாதனம். வெள்ளை மாளிகையின் அடுத்த அறையில் மனஸ்தாபம் இருந்திருக்கலாம். இல்லையென்று சொல்ல நாம் யார்? ஆனால் பரிகாரத்துக்குரிய வழி அடைக்கப்பட்ட இடத்தில், கதவைத் திறந்து ஒரு கண்ணீர்க் காட்சியை மாத்திரம் நடத்துவது சமாதானமாகுமா? பெற்றோர் மன்னிப்பை மறுக்கவில்லை என்பது நமது கருத்து. மன்னிப்பின் பெயரால் கணக்கை மூடிவிடுவதைத்தான் மறுத்தார்கள்.

விபத்து நடந்த இரவில், இறந்த மகனுக்கு நீதி பெற்றுத் தருவேன் என்று தாய் சார்லொட் சார்ள்ஸ் வாக்குக் கொடுத்திருந்தார். 2022 ஒக்டோபரில் ஆன் சக்கூலஸ், அமெரிக்காவிலிருந்து காணொளி மூலம், கவனயீனமாக வாகனம் ஓட்டி மரணம் விளைவித்ததை லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். டிசம்பர் 8ஆம் திகதி எட்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, அதுவும் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒத்திவைக்கப்பட்டது. நேரில் வரும்படி நீதிபதி கேட்டிருந்தும் அவர் வரவில்லை. அவரது அரசாங்கம் போக வேண்டாம் என்று ஆலோசனை கூறியிருந்தது. அவர் ஒரு நாளும் சிறையிற் கழிக்கவில்லை. அப்படியிருந்தும் தாய் தமது வாக்கு நிறைவேறிவிட்டது என்றார்.

மூன்று வருடங்கள் மூன்று மாதங்கள் இரண்டு அரசாங்கங்களும் இழுபட்டது, முதல் வாரத்திலேயே அங்கு நின்று பெற்றிருக்கக்கூடிய ஒரு தீர்ப்புக்காக! அந்தப் பெண்மணியைக் காப்பாற்றினோம் என்று அமெரிக்க அரசாங்கம் நினைத்தது. எதிலிருந்து காப்பாற்றியது? வீதியிலேயே தவறை ஒப்புக்கொண்ட ஒருவரை, அந்த ஒப்புதலுக்குரிய முடிவிலிருந்து பறித்தெடுத்தது. நமது சாரதிக்குக் கிடைத்த அந்தக் கடைசி வாங்கு அவருக்குக் கிடைக்கவில்லை.

இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. 1997 ஜனவரியில் வாஷிங்டன் நகரில் ஜோர்ஜிய நாட்டின் இராஜதந்திரி ஒருவர் மதுபோதையில் வேகமாக ஓட்டியதால் பதினாறு வயதுச் சிறுமி இறந்தாள். ஜோர்ஜிய ஜனாதிபதி ஷெவர்ட்நாட்சே விடுபாட்டுரிமையை விலக்கினார். அமெரிக்காவின் வற்புறுத்தல் அதன் பின்னால் இருந்தது மெய்யே. வறிய நாடொன்றினால் அதைத் தட்டிவிடவும் முடியாது. ஆயினும் அவர் அங்கேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு, 7 முதல் 21 வருடத் தண்டனை பெற்றார். அன்று கேட்டுப் பெற்ற நாடு, 2019இல் தன்னிடம் கேட்கப்பட்டபோது கொடுக்கவில்லை.

விலக்க மனமில்லாத நாட்டுக்கும் இன்னொரு வழி உண்டு. 2001 ஜனவரியில் ஒட்டாவாவில் ரஷ்யத் தூதரக அதிகாரி ஒருவர் குடிபோதையில் காரோட்டி ஒரு பெண்ணைக் கொன்றார். ரஷ்யா உரிமையை விலக்கவில்லை. ஆனால் மொஸ்கோவில் வழக்குத் தொடர்ந்து நான்கு வருடத் தண்டனை கொடுத்தது. 2009 டிசம்பரில் சிங்கப்பூரில் மூவரை இடித்து ஒருவரின் மரணத்துக்குக் காரணமான ருமேனிய இராஜதந்திரியையும் ருமேனியாவே விசாரித்துச் சிறையிலிட்டது.

இதையெல்லாம் எழுதும்போது, பிறர் கண்ணிலுள்ள துரும்பைக் காட்டும் எனக்கு நம் வீட்டு உத்தரம் நினைவுக்கு வருகிறது. குருக்களாகிய எங்களுக்கும் ஒரு காலத்தில் இத்தகைய விலக்கு இருந்தது. குரு குற்றஞ்செய்தால் அரச நீதிமன்றம் விசாரிக்கலாகாது என்பதே இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றிக்கும் கன்டபெரி அதிமேற்றிராணியார் புனித தோமஸ் பெக்கெற்றுக்கும் மூண்ட சச்சரவின் முக்கிய விஷயம். 1170இல் அவர் ஆலயத்துக்குள்ளேயே வெட்டுண்டு மாண்டார். திருச்சபையின் சுதந்திரத்துக்காக உயிர்விட்ட அந்த மனிதரை வணங்குகிறோம். ஆனால் அவர் காத்த அந்தச் சலுகையின் மறைவில் எத்தனையோ தகாதவர்களும் ஒதுங்கினர் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில்கூட அந்தச் சலுகை இருந்தது. 1983ஆம் ஆண்டின் தொகுப்பில் அது இல்லை. பிரான்சில் பாப்பரசரின் தூதுவராயிருந்த ஒருவர்மேல் முறைப்பாடுகள் எழுந்தபோது, 2019 ஜூலையில் திருப்பீடம் அவருடைய விடுபாட்டுரிமையை விலக்கியது. அடுத்த வருடம் பாரிஸ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. நமக்கு வெட்கந்தான். மூடிவைத்திருந்தால் அதைவிட வெட்கம்.

நமது அரசும் இதற்குப் புறம்பானதல்ல. கன்பராவில் 2015 முதல் 2018 வரை நமது பிரதி உயர்ஸ்தானிகராக இருந்த ஒருவர், வீட்டு வேலைக்கென இங்கிருந்து அழைத்துச் சென்ற பெண்ணுக்கு உரிய சம்பளம் கொடுக்கவில்லையென்று, 2024இல் அவுஸ்திரேலியச் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலுவைச் சம்பளமும் வட்டியுமாக ஐந்து இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் கொடுக்கும்படி கட்டளை. அந்தப் பெண்ணும் நம் நாட்டவள்தான். விடுபாட்டுரிமை நம்மை மிதிக்கும் வல்லரசுகளின் சங்கதி என்று மாத்திரம் எண்ணியிருப்போருக்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொரு சிறு விஷயம். துணைத்தூதர்கள் பற்றிய 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையில், வாகன விபத்தினால் பாதிக்கப்பட்டவர் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டால் விடுபாட்டுரிமை நிற்காது என்று எழுதியிருக்கிறது. 1961ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் தூதுவர்களுக்கு அப்படி ஒரு வரி இல்லை. துணைத்தூதரின் கார் அடித்தாலும் தூதுவரின் கார் அடித்தாலும் எலும்பு ஒரே மாதிரித்தான் முறியும். அந்த ஒரு வரியைச் சேர்ப்பதால் எந்த நாட்டின் இரகசியமும் வெளிப்பட்டுவிடாது. நமது வெளிநாட்டமைச்சிலும் பாராளுமன்றத்திலும் உள்ள கத்தோலிக்க அன்பர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

இனி, அந்த இளைஞனின் இரண்டாவது கேள்வி. தம்பி, நீ அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அப்போஸ்தலர் பணி நூலின் இருபத்தைந்தாம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டு வா. புனித சின்னப்பருக்கும் பிறரிடம் இல்லாத ஒரு சலுகை இருந்தது; அவர் உரோமைக் குடிமகன். செசாரியாவில் பெஸ்து என்ற ஆளுநனின் முன் நின்றபோது அந்தச் சலுகையை அவர் எடுத்துக் காட்டினார். எதற்காகக் காட்டினார், அதன்பின் எந்த ஊருக்குப் போனார், அங்கே யார் முன் நிற்பதற்காகப் போனார் என்பதை நீயே கண்டுபிடித்து எங்களுக்குச் சொல். அதன் பின்னர் அந்த டி. பி. எல். வாகனத்தைப் பற்றி மறுபடி பேசலாம்.